ஸ்பீக்கர் ஒயர்: காசு செம்புக்குப் போகட்டும்

முதலில் அளவு நாடாவை எடுங்கள். ஒயர் போகப்போகும் வழியிலேயே, சுவரோரமாக, கதவு நிலையைச் சுற்றி அளந்து, அரை மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கொண்டோ ஹாலில் 4 மீட்டர் என்று கண்ணுக்குத் தெரிவது சுலபமாக 7 மீட்டர் ஆகிவிடும்.

மின்சாரம் போய்த் திரும்புவதால் 7 மீட்டரை 14 ஆகக் கணக்கிட வேண்டும். 1.3 சதுர மி.மீ. (16 கேஜ்) செம்பு ஒயரில் இதற்குத் தடை சுமார் 0.18 ஓம். ஒயரின் தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு வரம்பு 0.4, தாராளம். 4 ஓம் என்றால் 0.2 தான்; விளிம்பில் நிற்காமல் 2 சதுர மி.மீ. வாங்குங்கள்.

கோலாலம்பூரில் புடு, ஜாலான் பாசார் எலெக்ட்ரானிக் கடைகளில் பார்க்கலாம். மின்சாமான் கடையில் விற்கும் 70/0.193 இரட்டைக் கம்பி ஃபிளெக்ஸிபள் கேபிளும் நன்றாகவே வேலை செய்யும். 0.193 மி.மீ. இழைகள் 70 என்பது அதன் பொருள்; மொத்தம் சுமார் 2 சதுர மி.மீ. எண்ணிப் பாருங்கள், இழை குறைந்தால் செம்பும் குறைவு.

மலிவு ஒயரில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: செம்பு பூசிய அலுமினியம். முனையில் ஓர் அங்குலம் உரித்து, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டிய இடமும் சிவப்பாக இருந்தால் செம்பு. உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, நம் ஊர் ஈரக் காற்றில் வெட்டிய முனை அரிக்கவும் செய்யும். வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளை, சுரண்டினால் சிவப்பு. அதைத் தயங்காமல் வாங்கலாம். ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்; சாதாரண மின்கம்பிச் செம்பைவிடக் கடத்துதிறன் ஒரு விழுக்காடு அளவுதான் கூடும்.

இணைக்கும்போது ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, 12 மி.மீ. மட்டும் உரித்து இறுக முறுக்குங்கள். தப்பிய ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ஷார்ட் ஆகும். திருகு முனையில் போடும் நுனிக்கு ஈயம் வைக்க வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் நசுங்கி, பிடி தளரும்.

ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறினால் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும். ஆம்ப்ளிஃபையர் பக்கம் கழற்றிய ஒயரில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள், பிளஸ் பிளஸோடு. இரண்டு ஸ்பீக்கரிலும் வூஃபர் எனும் பெரிய கூம்பு ஒரே பக்கம் நகர வேண்டும். நகரவில்லையென்றால் ஒன்றில் மட்டும் முனைகளை மாற்றுங்கள்.