முற்றத்துப் புல்தரையில் கோரையா? இழுக்காதீர்கள், தோண்டுங்கள்

அம்மம்மாவின் காலத்தில் எங்கள் முற்றத்தில் ஒரு புல்லும் நிற்காது. விடிய எழும்பி ஈர்க்குமாற்றால் கூட்டி, தண்ணீர் தெளித்து, வெறும் மணல் முற்றமாகவே வைத்திருப்பார். முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் ஆட்கள் இல்லை என்பது அவரின் கணக்கு. இப்போது நாங்கள் காசு கொடுத்து மலேசியன் புல் வாங்கிப் பதிக்கிறோம். நானும் பதித்தேன். நிலத்தை உயர்த்த முதலில் ஒரு லோட் செம்மண் பறித்தேன். அந்த மண்ணோடு கோரைக்கிழங்கும் வந்து இறங்கியது முதல் மழைக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறகு ஆறு மாதமாக நான் செய்தது ஒரே வேலை: கண்ட இடத்தில் பிடுங்குவது. பிடுங்கப் பிடுங்கக் கூடியது.

காரணம் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. கோரை தன் கிழங்குகளை மெல்லிய கொடியால் கோத்து, மாலை மாதிரி மண்ணுக்குள் வைத்திருக்கும். முளைத்து நிற்கும் கிழங்கு, அந்தக் கொடியில் உள்ள மற்றவற்றை முளைக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். மேலே பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும். கொடி அறுந்ததும் உறங்கிக் கிடந்தவை ஒவ்வொன்றாக எழும்பும். ஒன்றைப் பிடுங்கி நாலை வாங்குகிற வியாபாரம்.

படி 1: கோரைதானா என்று பாருங்கள்

தண்டை அடியில் பிடித்து இரண்டு விரலுக்கு இடையில் உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் இது புல்லினம் அல்ல, வேறு குடும்பம். இலைகளும் மூன்று பக்கமாகப் பிரியும், பளபளப்பாக இருக்கும். சனிக்கிழமை புல் வெட்டினால் திங்கட்கிழமை மற்றப் புல்லை விட உயரமாக நிற்பது இதுதான். பூ செங்கபில நிறம்.

அறுகு வேறு. அதன் தண்டை உருட்டினால் விளிம்பு தெரியாது, கணுக்கணுவாக நிலத்தில் ஓடும். அதைப் பிள்ளையாருக்குப் பிடுங்கலாம். இன்னும் சந்தேகமா? ஒரு கிழங்கை நசுக்கி மணந்து பாருங்கள். நாட்டு மருந்துக்கடையில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று விற்பதன் அதே வாசம் வரும்.

படி 2: முதல் நாள் பின்னேரம் தண்ணீர்

காய்ந்த செம்மண் செங்கல் மாதிரி. அதில் தோண்டினால் கொடி அறுவது நிச்சயம். தோண்டும் இடத்துக்கு மட்டும் முதல் நாள் பின்னேரம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலையில் மண் கையில் உதிரும் பதத்தில் இருக்கும். சேறாகவும் கூடாது, ஒட்டும்.

வேண்டியவை: ஒரு நீளமான பழைய கத்தி அல்லது சின்ன அலவாங்கு, ஒரு வாளி, ஒரு அரிதட்டு. மண்வெட்டி வேண்டாம். அது கிழங்கை வெட்டிப் போட்டு உங்களுக்கே வேலை கூட்டும்.

படி 3: தோண்டுவது

முளையைச் சுற்றி ஒரு சாண் அகலத்தில் கத்தியை நேராக இறக்குங்கள். அரை அடி ஆழம் போக வேண்டும். கிழங்குகளில் பெரும்பகுதி அந்த அரை அடிக்குள்தான் இருக்கும், சில இன்னும் கீழே ஒளிந்திருக்கும். மண்கட்டியை அப்படியே நெம்பி எடுத்து, கையால் உதிர்த்துப் பாருங்கள். முதலில் வெள்ளையாக நூல் மாதிரி ஒன்று தெரியும். அதுதான் இளம் கொடி. அதை இழுக்காமல், மண்ணை விலக்கி விலக்கிப் பின்தொடருங்கள். முனையில் வெளிறிய பிஞ்சு இருக்கும், வெண்டிக்காய் விதையை விடக் கொஞ்சம் பெரிது. முற்றிய கொடி கறுத்து, கம்பி மாதிரி விறைப்பாகி, கறுப்புக் கிழங்கில் போய் முடியும். அந்தக் கிழங்கில் இருந்து இன்னொரு கொடி புறப்படும். விடாமல் போங்கள்.

எனக்கு முதல் குழியில் 17 கிழங்கு வந்தது. மேலே நின்றது மூன்றே மூன்று முளை.

எடுத்த மண்ணை அரிதட்டில் அரித்துவிட்டுக் குழிக்குள் திருப்பிப் போடுங்கள். அரிக்காமல் போட்டால் தோண்டியதே வீண்.

படி 4: கிழங்கை எங்கே போடுவது

வாழையடியில் வேண்டாம். பசளைக் குழியில் வேண்டவே வேண்டாம். ஒழுங்கையில் எறிந்தால் மழை வெள்ளத்தோடு அடுத்த வளவுக்குப் போகும், அப்புறம் வேலிச் சண்டைக்கு இன்னொரு காரணம். பழைய தகரத் துண்டில் பரப்பி வெயிலில் காய வையுங்கள். உள்ளே ஈரம் வற்றினால் கிழங்கு செத்துவிடும். ஒன்றை உடைத்துப் பாருங்கள், மொறுக்கென்று உடைந்து உள்ளே காய்ந்திருந்தால் சரி. சந்தேகமாக இருந்தால் சருகோடு சேர்த்து எரித்துவிடுங்கள்.

படி 5: கலண்டரில் குறியுங்கள்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். தோண்டிய இடத்தில் திரும்ப முளை வரும், பயப்பட வேண்டாம். புது முளை ஐந்தாறு இலை விடும் வரை புதுக் கிழங்கு கட்டத் தொடங்காது. அதுவரை பழைய கிழங்கில் இருக்கும் சேமிப்பைத்தான் தின்கிறது. அந்த நேரத்தில் எடுத்தால் கிழங்குக்கு நட்டம், விட்டால் லாபம். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு தரம் புல்தரையைச் சுற்றி வாருங்கள். முடிந்தால் தோண்டி எடுங்கள். கிழங்கு ஆழத்தில் இருந்து கிடைக்காவிட்டால் முளையையாவது மண்ணுக்குள் அறுத்து எடுங்கள். ஒரு மாதம் மறந்தீர்கள் என்றால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். எனக்கு அது நடந்தது. தம்பியின் கலியாண அலைச்சல்.

படி 6: வெறும் மண்ணை விடாதீர்கள்

கோரைக்கு நிழல் பிடிக்காது. குழி மூடிய அன்றே பக்கத்துப் புல்லில் இருந்து கணுவோடு ஓடு கொடிகளை வெட்டி நெருக்கமாக நடுங்கள். புல்லை ஒட்ட வெட்டாமல் 2 முதல் 3 அங்குலம் விடுங்கள். கிணற்றடித் தண்ணீர் புல்தரைக்குள் ஓடித் தேங்கினால் அதையும் திருப்பிவிடுங்கள்.

முழுத்தரையும் போய்விட்டதென்றால்

குழி குழியாகத் தோண்டி மாளாது. சோளகம் வீசும் காய்ந்த மாதங்கள் வரை பொறுத்து, அந்தப் பகுதியைப் புல்லோடு சேர்த்துக் கொத்திப் புரட்டி, தண்ணீர் விடாமல் வெயிலில் கிடக்க விடுங்கள். கிழமைக்கு ஒரு தரம் திரும்பப் புரட்டிக் கிழங்குகளைப் பொறுக்குங்கள். கறுப்புப் பொலித்தீன் விரிக்கலாம் என்று சொல்வார்கள். மெல்லியதென்றால் கோரை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வெளியே வரும், நானே பார்த்தேன். புதுப்புல்லை ஐப்பசி மழையோடு பதிக்கலாம்.

களைநாசினி?

கிளைபோசேட் என்ற களைநாசினி 2015இல் இலங்கையில் தடை செய்யப்பட்டு, 2022இல் தடை நீங்கியது. ஆனால் அது கோரையையும் புல்லையும் பிரித்துப் பார்த்து அடிக்காது, புல்தரையும் சேர்ந்து கருகும். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிற தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். என் கிணறு புல்தரையில் இருந்து இருபது அடி. நான் அடிக்கவில்லை. அடிக்கத்தான் வேண்டுமென்றால் கடைக்காரரிடம் கேட்காமல், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

நான் தொடங்கி ஒன்றரை வருடமாகிறது. முதல் மாதத்தில் வாளி வாளியாக எடுத்தேன். போன ஞாயிறு முழுத்தரையிலும் 11 முளை, சாரத்து மடிப்பில் போட்டுக்கொண்டே தகரத்தடிக்குப் போனேன்.