டென்சர்ஃப்ளோவில் கணிப்பு வரைபடம்: எந்த வரி எப்போது ஓடுகிறது?

டென்சர்ஃப்ளோ, இயந்திரக் கற்றலுக்கான ஒரு நிரல் நூலகம். அதன் முதல் பதிப்புகளில் கணிப்பு வரைபடத்தை (எந்தக் கணக்கு எதன்பின் நடக்க வேண்டும் என்ற வரைவை) நாமே கட்டி, பிளேஸ்ஹோல்டர்களை (பின்னால் மதிப்பு வரவேண்டிய வெற்றிடங்களை) வைத்து, வரைபடத்தை ஓட்டும் செஷன் ஒன்றைத் திறந்து, அதன் ரன் கட்டளைக்கு மதிப்புகளை ஊட்டினால்தான் விடை கிடைக்கும். 2019 செப்டம்பரில் வெளியான 2.0 பதிப்பிலிருந்து எழுதிய வரி உடனுக்குடன் ஓடுகிறது. வரைபடம் வேண்டுமென்றால் செயற்கூறின் தலையில் டிஎஃப்.ஃபங்ஷன் (tf.function; டிஎஃப் என்பது டென்சர்ஃப்ளோவின் சுருக்கம்) என்ற டெகரேட்டரை, அதாவது செயற்கூறின் நடத்தையை மாற்றும் குறியை, இட்டால் போதும். ஆனால் கட்டுவதும் ஓட்டுவதும் இன்றும் இரு வேறு வேலைகளே. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் நான் பல நாட்களை இழந்ததால்தான் இதை எழுதுகிறேன். பைத்தானும் டென்சர்ஃப்ளோவும் உங்கள் கணினியில் உள்ளன என்று கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: கட்டும் நேரத்தைக் கண்ணால் காணுதல்

எக்ஸ் என்ற ஒரே உள்ளீட்டைப் பெறும் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதி, டிஎஃப்.ஃபங்ஷன் டெகரேட்டரை இடுங்கள். அதன் முதல் வரி, பைத்தானின் பிரிண்ட் கொண்டு "கட்டுகிறேன்" என்று அச்சிடட்டும். இரண்டாம் வரி எக்ஸை எக்ஸால் பெருக்கி 3-ஐக் கூட்டித் திருப்பி அனுப்பட்டும். எண்ணை டென்சராக (டென்சர்ஃப்ளோவின் எண் அணியாக) மாற்றும் டிஎஃப்.கான்ஸ்டன்ட் வழியாக 2.0-ஐக் கொடுத்து அழைத்தால் "கட்டுகிறேன்" என்ற சொல்லும் 7.0 என்ற விடையும் வரும். அதே வழியில் 5.0-ஐக் கொடுத்தால் 28.0 வரும், ஆனால் அந்தச் சொல் வராது.

முதல் அழைப்பில் டென்சர்ஃப்ளோ நம் செயற்கூறுக்குள் உண்மையான எண்ணை அனுப்புவதில்லை. தரவு வகையும் வடிவமும் மட்டுமே உள்ள, மதிப்பில்லாத டென்சர் ஒன்றை அனுப்பி, அதன்மீது நிகழும் பெருக்கலையும் கூட்டலையும் குறித்துக்கொள்கிறது. இதற்குத்தான் ட்ரேசிங் என்று பெயர். அதன்பின் ஓடுவது குறித்து வைத்த வரைபடமே. பைத்தான் வரிகளின் பக்கம் அது திரும்புவதே இல்லை. பிரிண்ட் பைத்தானுக்குச் சொந்தமானது என்பதால் வரைபடத்தில் இடம்பெறவில்லை, டிஎஃப்.பிரிண்ட் இடம்பெறும், ஒவ்வொரு அழைப்பிலும் அச்சிடும்.

படி 2: வரைபடத்தைத் திறந்து பார்த்தல்

அதே செயற்கூறின் கெட்_கான்கிரீட்_ஃபங்ஷன் என்பதற்கு டிஎஃப்.டென்சர்ஸ்பெக் மூலம் வடிவத்தையும் வகையையும் கொடுத்து, கிடைப்பதன் கிராஃப் பண்பில் கெட்_ஆபரேஷன்ஸை அழையுங்கள். உள்ளீட்டுக்கான பிளேஸ்ஹோல்டர், பெருக்கல், 3 என்ற மாறிலி, கூட்டல் ஆகியவை தனித்தனிக் கணுக்களாக வரிசையில் நிற்பதைக் காணலாம். முதல் பதிப்புகளில் நாம் கையால் வைத்த அதே பிளேஸ்ஹோல்டர்தான் இப்போது தானாக வந்திருக்கிறது.

படி 3: நான் இடறிய இடம்

பயிற்சித் தரவில் சிறிது இரைச்சலை (தற்செயலான சிறு மாற்றங்களை) சேர்த்தால், பயிற்சி பெறும் மாதிரி (மாடல்) உறுதிப்படும் என்று எண்ணி, பயிற்சிச் செயற்கூறுக்குள்ளேயே நம்பை (NumPy) என்ற பைத்தான் எண்கணித நூலகத்தின் ரேண்டம் வசதியால் எண்களை உருவாக்கித் தரவுடன் கூட்டினேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பயிற்சிப் பிழையும் சீராகக் குறைந்தது. ஆனால் நம்பை, ட்ரேசிங்கின்போது ஒரே ஒரு முறைதான் ஓடியது. அப்போது பிறந்த எண்கள் மாறிலியாக வரைபடத்தில் உறைந்துவிட்டன. ஆயிரக்கணக்கான சுற்றுகளிலும் அதே இரைச்சல் கூட்டப்பட்டதால் அது வெறும் நிலையான நகர்வாகிப்போக, மாதிரி அதை எளிதாக ஈடுகட்டிக் கற்றுக்கொண்டது.

டிஎஃப்.கான்ஃபிக்.ரன்_ஃபங்ஷன்ஸ்_ஈகர்லி என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் டெகரேட்டர் இருந்தும் வரைபடம் கட்டப்படாமல் ஒவ்வொரு வரியும் பைத்தானாகவே ஓடும். பிழை தேடுவதற்காக நான் அதைப் போட்டபோது, தேடிய பிழையே மறைந்துவிட்டது. பைத்தான் ஒவ்வொரு முறையும் ஓடியதால் இரைச்சலும் புதிது புதிதாக வந்தது. இரு வழிகளிலும் ஒரே நிரல் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டால், கட்டும் நேரத்தில் ஏதோ ஒன்று உறைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டிஎஃப்.ரேண்டம்.நார்மல் வரைபடத்தின் கணுவாகவே அமர்வதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிய எண்களைத் தரும். ஒரே வரியை மாற்றியதும் என் சிக்கல் தீர்ந்தது. செயற்கூறுக்கு வெளியே உள்ள பைத்தான் மாறிகளும் இவ்வாறே உறையும். பின்னால் மாற்ற வேண்டிய மதிப்பை டிஎஃப்.வேரியபிளில் வைத்து, அசைன் மூலம் மாற்றுங்கள்.

படி 4: மீண்டும் மீண்டும் கட்டப்படுவதைத் தடுத்தல்

படி 1-இன் செயற்கூறுக்கு டிஎஃப்.கான்ஸ்டன்ட் இல்லாமல் 2.0, 5.0 என்று பைத்தான் எண்களையே கொடுத்துப் பாருங்கள்: இரு முறையும் "கட்டுகிறேன்" வரும். டென்சருக்கு வகையும் வடிவமும் ஒத்திருந்தால் பழைய வரைபடமே பயன்படும். பைத்தான் எண்ணுக்கோ ஒவ்வொரு புதிய மதிப்புக்கும் புதிய வரைபடம் கட்டப்படும். குறைந்துகொண்டே வரும் கற்றல் வீதத்தை (ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியை எவ்வளவு திருத்துவது என்ற எண்ணை) பைத்தான் எண்ணாக அனுப்பினால், சுற்றுக்கு ஒரு வரைபடம் சேர்ந்து வேகமும் குறையும், நினைவகமும் நிரம்பும். அதை டென்சராக அனுப்புங்கள். ஒரு முறைக்கு அனுப்பும் தரவுத் தொகுதியின் அளவு மாறக்கூடும் என்றால், உள்ளீட்டின் வகையையும் வடிவத்தையும் முன்கூட்டியே அறிவிக்கும் இன்புட்_சிக்னேச்சரில் அந்த இடத்துக்கு நன் (None) என்று கொடுங்கள்.

மீண்டும் கட்டப்படுவதைக் குறைக்க ரிட்யூஸ்_ரீட்ரேசிங் என்ற தேர்வும் உண்டு. ஆயினும் இன்புட்_சிக்னேச்சரையே நான் விரும்புகிறேன், ஏனெனில் பொருந்தாத உள்ளீடு வந்தால் அது மௌனமாகப் புது வரைபடம் கட்டாமல் உடனே பிழை காட்டுகிறது. இந்தச் சோதனைகளை ஜூபிட்டர் போன்ற நோட்புக்கில் செய்யாமல் தனிக் கோப்பில் எழுதி ஓட்டுவதே நல்லது. நோட்புக்கின் கலத்தை (செயற்கூறு எழுதிய நிரல் துண்டை) மறுபடி ஓட்டும்போதெல்லாம் செயற்கூறு புதிதாகப் பிறந்து, பழைய வரைபடங்களை இழந்துவிடும் என்பதால் எண்ணிக்கை குழம்பும்.

படி 5: நேரத்தை அளத்தல்

முதல் அழைப்பில் கட்டும் நேரமும் சேர்வதால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஜிபியூவில் (வரைகலைச் செயலியில்) ஓட்டினால், விடையை நம்பைக்கு மாற்றி வாங்கிய பிறகே கடிகாரத்தை நிறுத்துங்கள். இல்லையெனில் வேலை முடியுமுன்பே அளவு நின்றுவிடும்.

பின்சேர்க்கை: இந்தப் படிகளைச் செய்து பார்த்தவர்கள் சிலருக்கு, செயற்கூறுக்குள் டிஎஃப்.வேரியபிளை உருவாக்கியபோது வேல்யூஎரர் என்ற பிழை வந்திருக்கிறது. வேரியபிள் முதல் அழைப்பில் மட்டுமே பிறக்கலாம் என்பது விதி. அதை வெளியே உருவாக்கி உள்ளே பயன்படுத்துங்கள். வகுப்புக்குள் எழுதுவதானால் தொடக்கத்தில் நன் என்று வைத்து, நன்னாக இருக்கும்போது மட்டும் உருவாக்கும்படி நிபந்தனை இடுங்கள்.