லாகின் ஆனவரெல்லாம் வீட்டுக்காரர் அல்ல

கோடு ரிவ்யூவுக்கு, அதாவது மற்றவர் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்க, உட்கார்ந்தால், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பத்து வருடம் முன்பு நான் செய்த அதே பாதுகாப்புச் சொதப்பல்களை வரி பிசகாமல் செய்கிறார்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

எண்ணை மறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

அப்போது ஒரு நிறுவனத்துக்குச் சம்பளச் சீட்டு பார்க்கும் தளம் எழுதியிருந்தேன். லாகின், ஓடிபி எல்லாம் பக்கா. ஒருநாள் கணக்குப் பிரிவு அக்கா போன் செய்தார். "தம்பி, மேல இருக்கிற அட்ரஸ்ல 4417-ஐ 4418 ஆக்கினா மேனேஜர் சம்பளம் வருதே, அது அப்படித்தானா?"

வந்தவர் யார் என்று சர்வர் கேட்டது. இந்தச் சீட்டு அவருடையதா என்று கேட்கவேயில்லை.

அதைவிட, நான் பார்த்த வைத்தியம்தான் இன்றும் எரிச்சல். எண்ணை ஏஇஎஸ் என்ற முறையில் என்க்ரிப்ட் செய்து, அதாவது ரகசியத் திறவுகோல் (கீ) இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, முகவரியில் போட்டேன். நீளமாக, புரியாத எழுத்தாக இருந்ததும் எல்லோருக்கும் திருப்தி. மூன்றாம் வாரம் ஒருவர் தன் சீட்டின் லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். லாகின் வைத்திருந்த அத்தனை பேருக்கும் திறந்தது! யார் எதைப் பார்த்தார்கள் என்று தேடினால், லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) கணினியின் ஐபி முகவரி மட்டும்தான். பணியாளர் எண்ணைப் பதியவே இல்லை.

கடைசியில் சரிசெய்தது ஒரே வரி: டேட்டாபேஸில் தேடும்போது சீட்டு எண்ணோடு பணியாளர் எண்ணும் பொருந்த வேண்டும். அந்தப் பணியாளர் எண்ணை சர்வரிலுள்ள செஷனிலிருந்து (லாகின் ஆனவர் யார் என்று சர்வர் வைத்திருக்கும் குறிப்பிலிருந்து) எடுங்கள். பிரவுசர் அனுப்புவதை நம்பினால் பழைய கதைதான்.

ஒவ்வொரு அணுகலையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். 2019-இல் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் நிறுவனத் தளத்தில், முகவரியின் எண்ணை மாற்றினாலே அடுத்தவர் வீட்டுக்கடன் ஆவணம் திறந்தது. லாகின்கூடத் தேவைப்படவில்லை. வெளியே தெரியக் கிடந்தவை சுமார் 88.5 கோடி. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடும் முக்கிய ஆபத்துகளின் பட்டியலில் இந்த வகைக் கோளாறு 2017-இல் ஐந்தாமிடம், 2021-இல் முதலிடம். என் ரிவ்யூ மேசையில் எப்போதுமே முதலிடம்தான்.

பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்வது

2013-இல் அடோபி மென்பொருள் நிறுவனத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகள் ஒரே கீயால், ஈசிபி முறையில் (ஒரே எழுத்து எப்போதும் ஒரே மாதிரி மாறும் முறை) என்க்ரிப்ட் ஆனவை. ஒரே பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கெல்லாம் ஒரே எழுத்துக்குவியல். பக்கத்திலேயே அவரவர் எழுதிவைத்த ஞாபகக் குறிப்பு, பூட்டே இல்லாமல். பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கும் தேவையே நமக்கு இல்லை. பிகிரிப்ட் அல்லது ஆர்கன்2 என்ற முறையைப் போட்டு ஹாஷ் செய்யுங்கள், அதாவது திரும்ப எடுக்க முடியாதபடி மாற்றுங்கள்.

கீயை கிட்டில் போடுவது

கிட் என்பது கோடின் மாற்றங்களையெல்லாம் சேமித்துவைக்கும் கருவி. கீ இருக்கும் ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிவில்) இருக்கும். கீயையே மாற்றுங்கள்.

சொந்தமாக சைஃபர் (என்க்ரிப்ட் செய்யும் முறை) எழுதுவது

வேண்டாம்.

மாடல் பெயரை ஒட்டிவைப்பது

சம்பளப் பட்டியல் டிசைனில் பெல்-லபடுலா என்ற பாதுகாப்பு மாடலின் படத்தை வரைந்து வந்தான் ஒரு பையன். அது 1970-களில் ராணுவ ரகசியம் கசியாதிருக்க உருவான மாடல். கீழ்நிலையில் இருப்பவர் மேல்நிலை ஆவணத்தைப் படிக்கத்தான் தடை. அதில் எழுதத் தடையில்லை. "அப்போ கிளார்க் மேனேஜர் சம்பளத்தை மாத்தி எழுதலாமாப்பா?" என்றேன். படத்தை மடித்துக்கொண்டான். பட்டியல் போடுபவரும் ஒப்புதல் தருபவரும் வேறுவேறு ஆளாக இருக்கவேண்டும் என்கிற கிளார்க்-வில்சன் மாடலைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.