பழைய மிருகப் படம் வாங்குறப்ப ஒரிஜினலான்னு பாக்குறது எப்படி

சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கின்னு இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல அச்சான படங்க ஆன்லைன்ல நிறைய விக்குது, அதுல நேத்து அடிச்ச காப்பியும் கலந்திருக்கு. பிரிச்சுப் பாக்க பத்து மடங்கு பெருசாக் காட்டுற ஒரு லென்ஸ் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

லென்ஸை ஒரு கோட்டு மேல வைங்க. செப்புத் தகட்டுல இருந்து அச்சான படம்னா, தகட்டுல வெட்டின பள்ளத்துல இருந்த மைதான் பேப்பர்ல ஏறியிருக்கும், அதனால கோடு லேசா மேடா, நுனியில மெலிஞ்சு போகும். பொடிப்பொடியா கலர் புள்ளிங்க தெரிஞ்சா அது ஆஃப்செட், அதாவது இந்தக் காலத்து மெஷின் அச்சு, வாங்காதீங்க.

அப்புறம் படத்தைச் சுத்தி தகடு அழுத்துன தடம் இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, காப்பியிலயும் இந்தத் தடத்தை அழுத்தி வைக்கிறாங்க, ஒரிஜினல்ல ஓரத்தை வெட்டியிருந்தா தடமே இருக்காது, மரக்கட்டை அச்சுல தகடே கிடையாது.

பேப்பரை புற ஊதா டார்ச்சுல பாருங்க, பளிச்சுன்னு நீலமா மின்னுனா அது பெரும்பாலும் 1950-க்குப் பிந்தின பேப்பர்.

கலர்ல ரொம்ப பேர் ஏமாறுறாங்க. 1749-ல பாரிஸ்ல வர ஆரம்பிச்ச, பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் புஃபோனோட புக்குல மிருகப் படங்க கருப்பு மையில மட்டும்தான் அச்சாச்சு, இன்னைக்கு கலரோட கிடைக்கிறதுல நிறைய பின்னாடி யாரோ தீட்டினது. கலர் இருக்குன்னு கூடுதலா காசு கேட்டா கொடுக்காதீங்க, என்னைக் கேட்டா கருப்பு வெள்ளைதான் அழகு. 1833-லேர்ந்து ஸ்காட்லாந்து இயற்கை ஆய்வாளர் ஜார்டின் கொண்டுவந்த குட்டி புக்குங்க வேற கதை, அதுல மிருகத்துக்கு மட்டும் கையால கலர் போட்டு பின்னணியை அப்படியே விட்டிருப்பாங்க, அது அந்தக் காலத்துக் கலரே.

காண்டாமிருகப் படம்னா தோளைப் பாருங்க. 1515-ல ஜெர்மன் ஓவியர் ட்யூரர் மிருகத்தை நேர்ல பாக்காமலே, லிஸ்பன்ல இருந்து வந்த விவரத்தை வச்சு வரைஞ்சாரு, தோள்ல ஒரு குட்டிக் கொம்பு கூடுதலா வந்துடுச்சு, அதைத்தான் இருநூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் காப்பி அடிச்சாங்க. 1749-ல கிளாராங்கிற நிஜ காண்டாமிருகம் பாரிஸுக்கு வந்தப்ப பிரெஞ்சு ஓவியர் ஊத்ரி அதைப் பாத்து வரைஞ்சாரு, புஃபோன் புக்குல இருக்கிறது அந்த வழியில வந்த படம். தோள்ல கொம்பு இருந்தா அது ட்யூரர் வழி.

பிரேம் போடுறப்ப ஆசிட் இல்லாத அட்டை கேளுங்க, வெயில் படுற சுவத்துல மாட்டாதீங்க. முழு புக்காவே கிடைச்சா தயவுசெஞ்சு பக்கத்தை வெட்டி எடுக்காதீங்க.