பழைய காரைத் தானம் கொடுத்தால் வரி குறையுமா? முதலில் கணக்கு, அப்புறம் காரை இழுத்துப்போகும் டோ டிரக்

மார்ச் மாதம் இங்கே அமெரிக்காவில் அலுவலகத் தம்பி ஒருவர் கூப்பிட்டார். குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிப் போகிறார். வீட்டை விற்றாகிவிட்டது, சோபா, டிவி எல்லாம் போய்விட்டது, 2009 ஹோண்டா சிவிக் மட்டும் பாக்கி. "அண்ணா, காரை சாரிட்டிக்குக் கொடுத்துட்டா டாக்ஸ்ல நாலாயிரம் டாலர் கழிச்சுக்கலாமாமே?" என்றார். நாலாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய கார்களின் விலை சொல்லும் கெல்லி புளூ புக்கில் பார்த்தாராம்.

2022-இல் நானும் இதே நினைப்பில்தான் இருந்தேன். என்னுடையது 2004 கேம்ரி. புளூ புக் 2,400 டாலர் என்றது. வாங்கிக்கொண்ட நிறுவனம் அதை ஏலத்துக்கு அனுப்பி 725 டாலருக்கு விற்றது. அந்த 725-கூட எனக்கு உதவவில்லை. வாடகை வீட்டில் இருந்ததால் ஸ்டாண்டர்டு டிடக்ஷன்தான் (செலவுக் கணக்குக் காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) எடுத்தோம். கார் கொடுத்த வகையில் கழிந்தது பூஜ்யம். நல்ல காரியத்துக்குப் போனதில் வருத்தமில்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதை எழுதி வைக்கிறேன். நான் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) இல்லை. எனக்குப் பழக்கம் கலிஃபோர்னியா. மத்திய அரசு வரி விஷயம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான், டி.எம்.வி. (வாகனப் பதிவு அலுவலகம்) சமாச்சாரம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

படி 1: உங்களுக்கு வரிக் கழிவு கிடைக்குமா?

இதைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். கார் தானத்துக்குக் கழிவு வேண்டுமென்றால் ஷெட்யூல் ஏ படிவம் போட்டு ஐட்டமைஸ் செய்ய வேண்டும், ஒவ்வொரு கழிவாகப் பட்டியல் போட வேண்டும். அதாவது வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ், நன்கொடை எல்லாம் கூட்டினால் ஸ்டாண்டர்டு டிடக்ஷனைத் தாண்ட வேண்டும். 2026-ஆம் வருடக் கணக்குக்கு அது தம்பதிக்கு 32,200 டாலர், தனி ஆளுக்கு 16,100. வாடகை வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தாண்ட மாட்டார்கள். பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம்) வீடு வாங்கி மாதாமாதம் வட்டி கட்டுகிறவர்கள் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள்.

தாண்டினாலும் 2026 முதல் ஒரு புது முட்டுக்கட்டை இருக்கிறது. ஐட்டமைஸ் செய்பவர்களுக்கு, வருமானத்தில் அரை சதவீதம் வரையிலான நன்கொடை கணக்கில் வராது. அதற்கு மேல் கொடுத்ததுதான் கழியும்.

ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஏ.ஜி.ஐ. (வரிக் கணக்குக்கு எடுக்கும் வருமானம்) 1,80,000 டாலர், வரி அடுக்கு 22 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அரை சதவீதம் என்றால் 900 டாலர். கார் 1,200-க்கு விற்றது, அந்த வருடம் வேறு நன்கொடையே இல்லை. அப்படியானால் கழிவது 300 டாலர், மிச்சமாகும் வரி 66 டாலர். இதே ஆள் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏற்கெனவே ஆயிரம் கொடுத்திருந்தால் 1,200-உம் முழுதாகக் கழியும். மிச்சம் 264 டாலர். எப்படிப் பார்த்தாலும் நாலாயிரம் டாலர் கனவு கலைந்துவிடும்.

ஸ்டாண்டர்டு டிடக்ஷன் ஆட்களுக்கு ஒரு வழி உண்டு. 2026 முதல், ஐட்டமைஸ் செய்யாதவர்களும் நன்கொடைக்குக் கழிவு எடுக்கலாம். தனி ஆளுக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை. ஆனால் பணமாகக் கொடுத்தால்தான். காராகக் கொடுத்தால் செல்லாது. ஆகவே காரை நீங்களே விற்று, வந்த பணத்துக்கு சாரிட்டியின் பெயரில் செக் எழுதிவிடுங்கள். ஏலத்தை விடத் தனி ஆளிடம் நல்ல விலை கிடைக்கும், தரும காரியத்துக்கும் முழுப் பணம் போய்ச் சேரும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் அவர்களிடமிருந்து எழுத்துப்பூர்வமான ரசீது வாங்க மறக்காதீர்கள். விற்கிற அலைச்சல் உங்கள் தலையில் விழும், அது உண்மைதான். "கடைசி விலை என்ன?" என்று இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் வரும்.

படி 2: யாருக்குக் கொடுப்பது

501(சி)(3) அந்தஸ்துள்ள, அதாவது வரிவிலக்குப் பெற்ற, அமெரிக்கத் தரும நிறுவனமாக இருக்க வேண்டும். ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) தளத்தில் டாக்ஸ் எக்ஸெம்ப்ட் ஆர்கனைசேஷன் சர்ச் என்ற பக்கம் இருக்கிறது, பெயரையோ ஈ.ஐ.என். எண்ணையோ (நிறுவனத்தின் வரி அடையாள எண்) போட்டால் தெரிந்துவிடும். கோயில், சர்ச், மசூதி போன்றவை தகுதி இருந்தும் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ நேரடியாகக் கொடுப்பது இதில் சேராது.

கே.கியூ.இ.டி. மாதிரி பொது வானொலி நிலையங்கள் கார் வாங்கிக்கொள்கின்றன. வீடு கட்டிக் கொடுக்கும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டிக்குக் 'கார்ஸ் ஃபார் ஹோம்ஸ்' என்று தனித் திட்டமே உண்டு. பல இடங்களில் வண்டியை எடுப்பதும் ஏலம் விடுவதும் நடுவில் உள்ள ஏஜென்சி. அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். "விற்ற தொகையில் உங்கள் கைக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

படி 3: எந்த விலை கணக்கில் வரும்

2004 வரை புளூ புக் விலையைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. ஓடாத வண்டிக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் கழிவு எடுத்தார்கள். அந்த வருடம் சட்டத்தை மாற்றினார்கள். 2005 முதல், நிறுவனம் காரை விற்றால் விற்ற தொகைதான் உங்கள் கழிவு. விற்றது 500 டாலரோ அதற்குக் குறைவோ என்றால், 500 அல்லது சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதை எடுக்கலாம்.

முழுச் சந்தை விலையும் கிடைக்கிற சந்தர்ப்பங்கள் உண்டு. நிறுவனம் காரைத் தன் வேலைக்கே நன்றாகப் பயன்படுத்தினால், உதாரணமாக ஒரு வருடம் தினமும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக ஓட்டினால். பெரிய அளவில் பழுது பார்த்து மதிப்பைக் கூட்டினால். ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்தால். கழுவித் துடைத்துப் பெயின்ட் அடிப்பது, ஒடுக்கு எடுப்பதெல்லாம் பெரிய பழுது ஆகாது. மேரிலாண்டில் வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் என்ற அமைப்பு குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கார் கொடுக்கிறது. உங்கள் வண்டி நல்ல நிலையில் இருந்தால் இப்படிப்பட்ட இடத்தை உங்கள் பக்கத்தில் தேடுவது பலன் தரும். சந்தை விலை என்றால் தனி ஆளுக்கு விற்கும் விலை, டீலர் கடை விலை இல்லை. அது 5,000-ஐத் தாண்டினால் மதிப்பீட்டாளர் சான்றிதழும் வேண்டும்.

படி 4: பிங்க் ஸ்லிப்

கார் டைட்டிலுக்கு, அதாவது காரின் உரிமைப் பத்திரத்துக்கு, கலிஃபோர்னியாவில் இன்னும் அந்தப் பெயர்தான். கடன் இருந்தால் வங்கியிலிருந்து லீன் ரிலீஸ் (கடன் தீர்ந்தது என்ற பத்திரம்) முதலில் வர வேண்டும். பேப்பரை எடுத்து உங்கள் பெயர்களுக்கு நடுவே என்ன போட்டிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். 'ஆர்' என்றிருந்தால் ஒருவர் கையெழுத்துப் போதும். 'ஆண்ட்' அல்லது சாய்கோடு இருந்தால் இருவரும் போட வேண்டும். மனைவி பிள்ளைகளோடு முன்பே ஊருக்குப் போய்விட்டார் என்றால் இந்தச் சாய்கோடு ஒன்றே உங்களை ஒரு மாதம் அலைய வைக்கும்.

அடித்தல் திருத்தல் கூடாது. ஒயிட்னர் தடவினால் பேப்பரே செல்லாமல் போகலாம், புது டைட்டிலுக்கு விண்ணப்பிக்க வேண்டிவரும். 2011-உம் அதற்குப் பிந்தைய மாடலும் என்றால் ஓடோமீட்டர் எண்ணையும் (ஓடிய தூரம்) எழுத வேண்டும்.

படி 5: டோ டிரக் வரும் நாள்

எடுக்க வேண்டியவை: டோல் கட்டும் ஃபாஸ்ட்ராக் கருவி, கராஜ் ரிமோட், இன்ஷூரன்ஸ் பேப்பர், சீட்டுக்கு அடியில் உள்ள சில்லறை. போனில் இருந்து புளூடூத் இணைப்பையும், காரில் பதிந்திருக்கும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். அப்புறம் டேஷ்போர்டுப் பிள்ளையார். எங்கள் பிள்ளையார் பதினோரு வருட வெயிலில் டபுள் டேப்போடு டேப்பாக இறுகிப் போயிருந்தார். கத்தியை விட்டு நெம்பினால் பீடம் உடையும் என்று பயந்து, பல் இடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை அடியில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்ததில் முழுசாக வந்தார். இப்போது புது வண்டியில் இருக்கிறார்.

டிரக் டிரைவர் கொடுக்கும் மஞ்சள் ரசீது வண்டி எடுத்ததற்குத்தான் அத்தாட்சி. வரிக் கழிவுக்கு அது போதாது. ஆனாலும் பத்திரமாக வையுங்கள். நாலு பக்கமும் ஓடோமீட்டரும் தெரியப் போட்டோ எடுங்கள்.

படி 6: அன்றைக்கே டி.எம்.வி.

கலிஃபோர்னியாவில் ஐந்து நாளைக்குள் நோட்டீஸ் ஆஃப் ட்ரான்ஸ்ஃபர் (கார் கைமாறிவிட்டது என்ற அறிவிப்பு) கொடுக்க வேண்டும். ஆன்லைனில் பத்து நிமிட வேலை. நம்பர் பிளேட், வி.ஐ.என். எண்ணின் (வண்டியின் அடையாள எண்) கடைசி ஐந்து இலக்கம், வாங்கியவரின் பெயர், முகவரி, ஓடோமீட்டர் எண், கொடுத்த தேதி போதும். கொடுக்காவிட்டால் அந்தக் கார் எங்கோ வாங்கும் பார்க்கிங் டிக்கெட்டும் பாலத்து டோலும் உங்கள் வீட்டுக்கு வரும். இதை முடித்த பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும். இங்கே சாதாரண பிளேட் காரோடு போய்விடும். நியூ ஜெர்சி, நியூ யார்க்கில் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நியூ யார்க்கில் பிளேட்டைக் கொடுத்த பிறகே இன்ஷூரன்ஸை நிறுத்தலாம்.

படி 7: 1098-சி

கார் தானத்துக்கு நிறுவனம் தரும் அத்தாட்சிப் படிவம் இது. 500 டாலருக்கு மேல் கழிவு எடுக்க இது கட்டாயம். கார் விற்ற 30 நாளுக்குள் நிறுவனம் அனுப்ப வேண்டும். அதில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும், அதனால் கேட்பார்கள். நீங்களாகக் கூப்பிட்ட எண்ணிலோ அவர்களுடைய தளத்திலோ கொடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டுக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வந்ததும் 4சி கட்டத்தைப் பாருங்கள்: விற்ற தொகை அங்கேதான் இருக்கும். 7-ஆம் கட்டத்தில் குறி போட்டிருந்தால் 500-க்கு மேல் எடுக்க முடியாது.

வரி தாக்கல் செய்யும்போது, பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கான 8283 படிவத்தை நிரப்பி, 1098-சி-யையும் சேர்க்க வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்கிறவர்கள் பி.டி.எஃப். ஆக இணைக்கலாம், இல்லையேல் 8453 படிவத்தோடு (காகித இணைப்புகளுக்கான முகப்புப் படிவம்) தபாலில் அனுப்பலாம். சாஃப்ட்வேர் கடைசித் திரையில் இதைச் சொல்லும். அவசரத்தில் 'அடுத்து' அழுத்திக்கொண்டே போகிறவர்கள் இதைத்தான் தவறவிடுவார்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். படிவம் வரும்போது நீங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். காரைக் கொடுக்கும்போதே நம்பகமான நண்பர் வீட்டு முகவரியை எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தம்பி எங்கள் வீட்டு முகவரியைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக் கடன் வட்டியும் ப்ராப்பர்ட்டி டாக்ஸும் இருந்ததால் ஐட்டமைஸ் செய்கிறவர், கோயில் நன்கொடையும் அரை சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மே மாதம் தபால் வந்தது. பிரித்துப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 4சி கட்டத்தில் 1,150 டாலர். கோயம்புத்தூரிலிருந்து உடனே பதில்: "நாலாயிரம் எங்கண்ணா?"