டரன்டுலாவுக்கு இரை போடும்போது பூச்சியையும் பாருங்கள்

டரன்டுலா என்ற பெரிய மயிர்ச் சிலந்தியை வளர்க்கிறவர்கள் இரையைப் போட்டுவிட்டுச் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பூச்சி என்ன செய்கிறது என்று கவனிப்பவர்கள் குறைவு. கவனித்தாலும் பலர் அதைத் தப்பாகத்தான் விளங்கிக்கொள்கிறார்கள்.

சுவர்க்கோழி ஒன்று சிலந்தியின் காலைத் தடவி, முதுகிலும் ஏறி நிற்கும். "ரெண்டும் கூட்டாளியாகிட்டுது" என்று உடனே காணொளி எடுக்கிறோம். கூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. சிலந்திக்கு வயிறு நிறைந்திருக்கிறது, அல்லது தோல் உரிக்கப் போகிறது. "பசித்தால் சாப்பிடும்தானே" என்று பூச்சியை உள்ளேயே விடுவதுதான், என்னைக் கேட்டால், மிக மோசமான தவறு. தோல் உரிக்கும் டரன்டுலா பெரும்பாலும் மல்லாந்து படுத்திருக்கும். அப்போது உடல் மிக மென்மை, எதிர்த்துப் போராட முடியாது. பசித்த சுவர்க்கோழி அதைக் கடித்தே கொன்றுவிடலாம். ஆகவே 24 மணிநேரத்துக்குள் பிடிபடாத இரையை வெளியே எடுத்துவிடுங்கள். தோல் உரித்த பிறகும் அவசரம் வேண்டாம். வெள்ளையாக இருக்கும் நச்சுப்பல் சிவந்து, கறுத்து இறுகட்டும். அப்புறம் இரை போடலாம். மல்லாந்து கிடப்பதைச் செத்துவிட்டது என்று நினைத்துப் புரட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

நேர்மாறாக, இரைக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான் அசையாமல் உறைந்து கிடக்கும். எட்டுக் கண் இருந்தும் டரன்டுலாவுக்குப் பார்வை மட்டம். அது நம்பியிருப்பது அதிர்வைத்தான், அசையாத இரை அதற்குத் தெரியாது. சிலந்திக்கு நோய் என்று முடிவு கட்டுமுன் நீளமான சாவணத்தால் கரப்பானை மெல்லத் தட்டிப் பாருங்கள். மாப்புழு மண்ணுக்குள் புதைந்து, பிறகு வண்டாக வெளியே வரும். போடுமுன் அதன் தலையை நசுக்கிவிடலாம் (கொஞ்சம் கொடூரம்தான்).

கொழும்பில் இதைவிடப் பயப்பட வேண்டியது நஞ்சு. குசினியில் மல்லாந்து கால் உதறும் கரப்பொத்தானை "சுலபமாகப் பிடிபட்டது" என்று எடுத்துப் போடுவார்கள். அது உதறுவது பெரும்பாலும் ஸ்பிரே பட்டதால். நரம்பைத் தாக்கும் அந்த மருந்து சிலந்தியையும் தாக்கும். வீட்டிலும் வடிகானிலும் பிடித்த பூச்சியை நல்லாக ஓடினாலும் போடாதீர்கள். டெங்குப் புகை அடிக்கும் நாளில் யன்னல்களைச் சாத்துங்கள். சிலந்தி இருக்கும் அறையில் நுளம்புச் சுருளும் கொளுத்தக்கூடாது.

புல்வெளியில் பிடித்த சுவர்க்கோழி தானாகவே தண்ணீரில் குதிப்பதும் உண்டு. சிலவேளை அதன் உடலிலிருந்து நூல் போல நீண்ட புழு நெளிந்து வரும். அது மயிர்ப்புழு. தண்ணீருக்குள் வெளியேறுவதற்காகப் பூச்சியின் நடத்தையையே மாற்றிவிடும் ஒட்டுண்ணி. இரண்டையும் அகற்றித் தண்ணீர்த் தட்டைக் கழுவுங்கள். ஆனால் கடையில் வாங்கிய சுவர்க்கோழி தண்ணீர்த் தட்டுக்கு ஓடினால் பதறாதீர்கள், பெரும்பாலும் வெறும் தாகம்தான். இரை போடுவதற்கு முதல்நாள் அவற்றின் பெட்டியில் கழுவிய கரட் துண்டு இரண்டு வைத்தால் போதும்.