முகாம்ல இருக்குற அம்மம்மா கதைய போன்ல ரெக்கார்ட் பண்றது எப்படி

இலங்கைப் போருக்குத் தப்பி, ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் அகதி முகாமுக்கு 83லயும் 90லயும் படகுல வந்து எறங்குனவங்களுக்கு இப்ப நல்லா வயசாயிடுச்சு, பேரப்புள்ளைங்க ரெக்கார்ட் பண்ணணும்னு ஆசப்படுறாங்க ஆனா எங்க ஆரம்பிக்கன்னு தெரியாம நேரா "படகுல என்ன நடந்துச்சு"ன்னு கேட்டுடுறாங்க, அவங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க.

ஹிட்லர்ட்டருந்து தப்பிச்ச யூதங்க கதைய ஷோவா ஃபவுண்டேஷன்னு ஒண்ணு 1994லருந்து வீடியோவா எடுத்து வச்சிருக்கு, 50,000க்கு மேல. அவங்க போருக்கு முன்னாடி, போர், போருக்குப் பின்னாடின்னு மூணையும் கேப்பாங்க. நாமளும் அப்படியே போகலாம். மொதல்ல ஊர்: "அம்மம்மா, சின்னனில உங்கட வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது?" இப்படிக் கேட்டாலே போதும், பேச்சு தானா வரும்.

வருசம் தப்பா சொன்னா திருத்தாதீங்க, மன்னார்ப் பக்கம் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னயா பின்னயான்னு கேளுங்க, அழுதா ரெக்கார்டிங்க நிறுத்தவான்னு அவங்களையே கேளுங்க, நீங்களா முடிவு பண்ண வேணாம்.

எல்லாரும் கோட்ட விடுறது மூணாவது பகுதிய, போருக்குப் பின்னாடி நடந்ததத்தான். பிரான்ஸ்ல சிமோன் வெய்னு ஒரு யூத அம்மா, 1944ல 16 வயசுல ஹிட்லர் ஆளுங்க ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டு போனாங்க, அங்க சின்னப் புள்ளைங்கள நேரா கொன்னுடுவாங்க, வயசக் கேட்டா 18ன்னு சொல்லுன்னு அங்க இருந்த ஒரு கைதி சொன்னதாலதான் உசுரு தப்புச்சு. அவங்க அம்மா 1945 மார்ச்ல பெர்கன்-பெல்சன்ங்குற இன்னொரு வதை முகாம்ல டைபஸ் காய்ச்சல்ல செத்துட்டாங்க, அப்பாவும் அண்ணனும் திரும்பவே இல்ல. சரி, போர் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, அப்பறம்? யாருக்கும் அந்தக் கதைய கேக்கப் பிடிக்கல. ஒரு விருந்துல, முகாம்ல அவங்க கையில பச்சை குத்துன நம்பரப் பாத்து, கோட்டு வச்சுட்டு வாங்குன டோக்கன் நம்பரான்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டாராம், அதுலருந்து ரொம்ப காலம் முழுக்கை சட்டதான். இத்தனைக்கும் பின்னால மந்திரி ஆகி, 1979ல ஐரோப்பிய நாடாளுமன்றத் தலைவரும் ஆனவங்க. போர் முடிஞ்சப்பறம் பெல்சன்லயே பக்கத்துல போக்கிடம் இல்லாதவங்களுக்கு இன்னொரு முகாம் போட்டு, தப்பிச்சவங்க பலர் 1950 வரைக்கும் அங்கதான் இருந்தாங்க.

ரெண்டு கதையும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா தனுஷ்கோடி அரிச்சல்முனையில எறங்கினதோட கதைய நிறுத்திடாதீங்க. மொதல்ல யார் சோறு போட்டா, கணக்கெடுப்புல நிக்குறப்ப என்ன நெனச்சாங்க, பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள என்ன சொல்லிக் கூப்ட்டாங்க, இதையெல்லாம் கேளுங்க.

டெக்னிக்கலா பெருசா ஒண்ணுமில்ல. போன ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, வாடைக்காத்து அடிக்குறப்ப வெளிய உக்காந்தா இரைச்சல்தான் கேக்கும், உள்ள உக்காருங்க, ஃபேன அமத்துங்க. கடைசில பழைய போட்டோவ ஒவ்வொண்ணா காட்டச் சொல்லி யார் யாருன்னு பேர் சொல்ல வைங்க, அந்த ஃபவுண்டேஷன்லயும் அப்படித்தான் பண்ணுவாங்க.

யூட்யூப்ல உடனே ஏத்தாதீங்க, இலங்கையில சொந்தக்காரங்க இன்னும் இருப்பாங்க, யார் பேர் வெளிய வரலாம்னு அம்மம்மாட்ட கேட்டு அதையும் ரெக்கார்ட்லயே பதிஞ்சுக்குங்க. ஒரு காப்பி பென்டிரைவ்ல, இன்னொண்ணு வேற வீட்ல.